கூம்பு பார்க்கும் வீடு

கைதட்டினால் அறை பதில் சொல்ல வேண்டும். அன்று சொல்லவில்லை.

தவின் உள்ளங்கைகளைக் குழித்து இன்னொரு முறை பலமாகத் தட்டினான். ஓசை விரல் நுனியிலேயே செத்து விழுந்தது. பழைய அரிசிக் கிடங்கு அது. செங்கல் சுவர், சிமெண்ட் தரை, தகரக் கூரைக்கு அடியில் தேக்குப் பலகை. நாகோன் சவானில் ஆற்றங்கரையில், வீட்டை ஒட்டி இருந்த அந்தக் கிடங்கைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்ற அவனுக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. அங்கே ஒரு தட்டு தட்டினால், ஓசை எதிர்ச்சுவர்வரை போய், உடைந்து, பலகைகளில் உரசித் திரும்பி, ஒருவர் மூச்சு விடும் நேரம் நின்று, பிறகுதான் அடங்கும். அந்த அடங்கலைக் கேட்கவே பாங்காக்கிலிருந்து நண்பர்கள் கார் ஓட்டி வருவார்கள். இப்போது, நல்ல வெயிலடிக்கும் முற்பகலில், அதே அறை கம்பளிக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

புதிதாக உள்ளே வந்தவை இரண்டு ஒலிபெருக்கிக் கூம்புகள் மட்டும்தான்.

ஒவ்வொன்றும் ஓர் ஆள் அகலம். தகரத்தில் செய்த பதினைந்து சதுரக் குழாய்கள் தொண்டையில் ஒன்றாகக் குவிந்து, முன்னால் குளவிக்கூடுபோல் விரிந்திருக்கும். ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைத் திரைக்குப் பின்னால் நின்றவை. கொட்டகை இடிந்த பிறகு ஊர் ஊராகப் போய்த் திறந்தவெளியில் படம் காட்டும் கம்தோனின் லாரியில் ஏறியவை. தொண்டையில் இருக்கும் கனத்த உலோக டப்பாவுக்குள் வெற்றிலையைவிட மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று துடிக்கும். தகட்டின் துடிப்பு மிகச் சின்னது, அறையின் காற்றோ மிகப் பெரியது. குறுகலில் தொடங்கி மெல்ல மெல்ல விரியும் பாதைதான் அந்தச் சின்னதைக் கைப்பிடித்துப் பெரியதிடம் கூட்டிக்கொண்டு போகிறது. மற்ற ஒலிபெருக்கிகள் காற்றைத் தள்ளும், கூம்பு காற்றை அழைக்கும் என்று தவின் நண்பர்களிடம் சொல்வான்.

துருவைச் சுரண்டி, குழாய்களின் இடுக்குகளில் தார் ஊற்றி, கிழிந்த தகட்டை மாற்றி, மயிரிழை பிசகாமல் நடுவில் நிறுத்த அவனுக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்தக் காலம் முழுவதும் அவை தூங்கின. நிரந்தரக் காந்தம் வருவதற்கு முந்திய காலத்துப் பொருள்கள் அவை. டப்பாவுக்குள் இருக்கும் பெரிய கம்பிச்சுருளுக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தால்தான் அது காந்தமாகும். கொடுக்காதவரை கூம்பு வெறும் தகரம். முந்தின நாள் மாலைதான் முதல் தடவையாகக் கொடுத்தான். சுருள் லேசாகச் சூடேறி, பழைய வார்னிஷ் மணக்க, கூம்புகள் விழித்துக்கொண்டன. நின்றுகொண்டே இரண்டு பாட்டுக் கேட்டான். அணைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

காலையில் அறை இப்படி.

மடிக்கணினியைத் திறந்து, ஒலிவாங்கியை நட்டு, அறையை அளந்தான். அடித்தொண்டைச் சத்தங்கள் முன்பு போலவே இருந்தன. பேச்சுக் குரல் தொடங்கும் இடத்திலிருந்து மேலே எல்லாம் மறைந்திருந்தது. திரைச்சீலை தொங்கவிட்டால் மிக மெல்லிய கீச்சுகள்தான் குறையும். கம்பளம் விரித்தாலும் அப்படித்தான். பேச்சிலிருந்து மேலே எல்லாவற்றையும் இப்படி ஒட்ட விழுங்குவது ஒன்றே ஒன்று. சினிமா ஆப்பரேட்டர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். காலிக் கொட்டகையில் கூம்பு அலறும்; ஜனம் வந்து உட்கார்ந்ததும் அதே கூம்பு முணுமுணுக்கும், சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டும். துணி, முடி, சதை. மனித உடம்பைப் போல ஒலியைக் குடிக்கும் பஞ்சு வேறில்லை.

அவன் சிரித்துக்கொண்டான். சிரிப்பும் அருகிலேயே விழுந்தது.

ஏதோ யோசித்து ஒலிவாங்கியை உயர்த்தினான். இடுப்புக்கு மேல், மார்புக்கு மேல். ஓர் உயரத்தைத் தாண்டியதும் மடிக்கணினித் திரையில் எதிரொலியைக் காட்டும் கோடு சட்டென்று நீண்டது. அதற்கு மேலே பழைய அறை அப்படியே இருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினான். தேக்குப் பலகைகள் அழகாகப் பதில் சொல்லின. இறங்கிக் குந்தித் தட்டினான். ஒன்றுமில்லை. ஒலி செத்துப்போகும் எல்லை அறை முழுதும் ஒரே மட்டமாக, தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் நின்றது. அளவுநாடாவை எடுத்து அந்த மட்டத்தைப் பார்த்தபோது, அந்த உயரம் தனக்குப் பழக்கமானதுபோல் இருந்தது.

உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உச்சந்தலை உயரம்.

"என்னங்க இவ்வளவு புழுக்கம்?" லம்யாய் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எட்டாம் மாதம். வீட்டில் ஏசி இருப்பது இந்த ஓர் அறையில்தான். பகலெல்லாம் அவளுக்கு இதுதான் இடம். "ஏசி ஓடுதா, இல்ல ஓடற மாதிரி நடிக்குதா?"

கைலியைச் சரிசெய்துகொண்டு, கூம்புகளுக்கு நேர் எதிரே இருந்த அவனுடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதில் உட்காராதே என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் ஏசியைக் கூட்டி வைத்தான். இதற்கு முன் ஒரு குழந்தை தங்கவில்லை. அதிலிருந்து அவளிடம் பயம் தரும் எதையும் அவன் சொல்வதில்லை.

வெளியே சந்துக்கு எதிர்ப்புறம் எண்ணெய்ச் சட்டி சடசடத்தது. சவேங் வீட்டு வாசலிலேயே வாழைப்பழம் பொரித்து விற்பவள். புருஷன் இல்லை, இரட்டைப் பெண்கள், ஊருக்கே கேட்கும் குரல். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் ஊறிய காகிதப் பையோடு அவளே வந்தாள்.

"ஏ லம்யாய், சூடு ஆறறதுக்குள்ள தின்னு. ஊர்ல எல்லாரும் பழைய இரும்ப எடைக்குப் போடறான், உன் புருஷன் மட்டும் எடைக்கு வாங்கி வந்து முத்தம் கொடுக்கறான். புள்ள பொறந்தா அதையாவது தொட்டுப் பாப்பானா, இல்ல துரு புடிச்சாதான் தூக்குவானா?"

"அக்கா, அவர் காதுல விழும்."

"விழட்டும்னுதான் கத்தறேன்." சிரித்தவள் நிறுத்தினாள். மூக்கைச் சுளித்தாள். "யாரு வந்திருந்தா? மழைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒதுங்கின மாதிரி நாத்தம். நனைஞ்ச துணி, பவுடர், தலை எண்ணெய்..."

"யாரும் வரல அக்கா" என்றான் தவின்.

அவனுக்கும் அந்த வாசனை அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து வந்த நாள்களில் அவன் அளந்துகொண்டே இருந்தான், பயந்தவன் காய்ச்சலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. மடிக்கணினியின் கோடு குறுகிக்கொண்டே வந்தது. அறையின் சூடு ஏறிக்கொண்டே போனது. ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு பெரிய குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுவான் என்று அவனுக்குத் தெரியும், அதனால் எத்தனை பல்பு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்ததும் வெப்பமானியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். ஏசி நிறுத்தாமல் ஓடியது. சுவரில் வியர்வை கட்டியது. செத்த ஒலியின் மட்டமும் அங்கேயே நிற்கவில்லை. ஒரு மத்தியானம் அவன் ஒலிவாங்கியைத் தோளுக்கு உயர்த்தினான், மந்தம். தலைக்கு உயர்த்தினான், மந்தம். கை நீட்டி எட்டிப் பிடித்தபோதுதான் அறை உயிரோடு இருந்தது. உட்கார இடம் போதாமல் நிற்கிறார்கள்.

லம்யாய் சரியாகச் சாப்பிடவில்லை. பேசினால் நடுவில் மூச்சு நின்றது. அவள் குரல் இரண்டடி தள்ளி நின்றாலே கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்து அவன் பதில் சொன்னான்.

"யாரோ முழங்கால வயித்துல இடிக்கற மாதிரி இருக்குங்க" என்றாள் ஒருநாள், பக்கத்தில் குனிந்தவனின் காதருகே. "நாற்காலி வரிசையில குறுக்கால நடந்து போவாங்களே, அந்த மாதிரி. இடிச்சிட்டுப் போறாங்க. மறுபடி வராங்க."

அவன் கம்தோனுக்கு போன் செய்தான்.

"என்ன முதலாளி, கூம்பு பாடுதா?" கம்தோனின் குரலில் வெற்றிலை இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நெடுஞ்சாலைக் கோயில்ல நீங்க போட்ட படம் யாருக்கு?"

"பாக்கவே வந்தியே, தெரியாதா? நேர்த்திக்கடன் படம். நிலம் வித்தா இத்தனை படம் போடறேன்னு ஒரு ஆளு சாமிகிட்ட வேண்டிக்கிட்டான். நிலம் வித்துப் போச்சு. பாக்க மனுஷன் ஒருத்தன் கிடையாது, முன்னாடி காலி நாற்காலிதான். அந்தக் கோயில்ல குடியிருக்கற ஆவிங்களுக்குத்தான் படம்."

தவினுக்கு நினைவிருந்தது. புல்வெளியில் வெண்திரை, யாருமில்லாத நாற்காலி வரிசைகள், அவற்றை நோக்கி வசனம் பேசிக்கொண்டிருந்த அந்த இரண்டு கூம்புகள். இன்னொரு சேகரிப்பாளர் விடிந்ததும் வருகிறார் என்று கேள்விப்பட்டு, புது பிளாஸ்டிக் ஒலிபெருக்கிகளை லாரியோடு கொண்டுபோய், அங்கேயே, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான். கதை பாதியில் நின்றது. கம்தோன் தடுக்கவில்லை. அது அப்போது வெற்றியாகத் தெரிந்தது.

"அவங்க கூடவே வந்துட்டாங்க அண்ணே."

"வருவாங்க. கூப்பிட்ட வாய் எங்க மறுபடி முழிக்குதோ அங்கதான் வருவாங்க. படம் முடிஞ்சா அதே கூம்புல 'முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லணும். நீ எங்க முடிக்க விட்ட?"

"இப்ப சொல்றேன். மைக் இருக்கு."

"எந்த வீட்டுக்குப் போகச் சொல்லுவ? வித்த நிலத்துலதான் கோயிலும் இருந்துச்சு. இடிச்சிட்டான். பெட்ரோல் பங்க் வருது." மென்று துப்பும் சத்தம். "யாராவது முன்னாடி நாற்காலியில உக்காந்தாங்களா?"

தவின் கூம்புகளுக்கு எதிரே இருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

"உக்காந்தா தங்களோட ஆளுன்னு எடுத்துக்குவாங்கப்பா. விட மாட்டாங்க."

"உடைச்சிடறேன். ரெண்டையும் சம்மட்டியால..."

"உடை. போற வழியும் சேர்ந்து உடையும். அப்புறம் உன் பொண்டாட்டியோடவே இருக்கட்டும்."

"நீங்க எப்படி அண்ணே இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

கம்தோன் நிதானமாகச் சிரித்தார். "நீ ஏன் பேரம் பேசாம வாங்கினன்னு நான் கேக்கல. நான் ஏன் பேரம் பேசாம வித்தேன்னு நீயும் கேக்கல. கோயில இடிக்கப் போறாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். கூம்பு முழிச்சிருக்கறப்போ அதோட வாய்க்கு முன்னாடிதான் அவங்க உக்காருவாங்க. நான் வாய உன் லாரி பக்கம் திருப்பி வச்சுட்டு, அப்புறம்தான் சுவிட்ச அணைச்சேன். நீயும் திருப்பு."

"எங்க திருப்பறது?"

"ஆள் இருக்கற பக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தவின் முதலில் அதைச் செய்யவில்லை. அதை அவனுக்குச் சாதகமாகச் சொல்லலாம். லம்யாயைக் காரில் ஏற்றி அவள் அக்கா ஊருக்குப் புறப்பட்டான். பாலம் தாண்டுவதற்குள் கண்ணாடிகள் உள்பக்கம் புகைந்தன, ஏசி ஊளையிட்டது, அவள் கதவோடு நசுங்கி வயிற்றை இரு கைகளாலும் மறைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். அறையாவது பெரிது. கார் சின்னது. வண்டியைத் திருப்பி நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்த கூடத்தில், எதற்கு இங்கே இவ்வளவு கூட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று நர்ஸ் பொதுவாகச் சத்தம் போட்டாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். அவனும் அவளும் மட்டும். டாக்டர் குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடி வெகுநேரம் கருவியை நகர்த்தினார். "இருக்கு. ஆனா ரொம்ப மெல்லிசா கேக்குது" என்றார். "நடுவுல ஏதோ அடைச்ச மாதிரி."

வீட்டுக்கு வந்ததும் லம்யாயைக் கிடங்கில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தான். கூம்புகளைச் சக்கரப் பலகையோடு உருட்டிப் பின்கதவுக்குக் கொண்டுபோய், வாயை ஆற்றின் பக்கம் திருப்பி, சுருளுக்கு மின்சாரம் கொடுத்தான். வார்னிஷ் மணம். காத்திருந்தான். ஆற்றில் படகில்லை, எதிர்க்கரையில் நாணல். அறை லேசாக இளகியது. கைதட்டலுக்கு ஒரு சிணுங்கல்போலப் பதில் வந்தது. அவனுக்கு அழுகை வந்தது. அணைத்தான். அரை மணி நேரத்தில் ஈரத் துணி வாசனை மறுபடி அறையை நிறைத்தது. ஆளில்லாத இடத்தில் அவர்கள் நிற்பதில்லை.

லம்யாயின் உதடு நீலமாக இருந்தது.

கிடங்குக்கு ஒரு பெரிய ஜன்னலும் உண்டு. அது சந்துப் பக்கம் பார்த்தது.

பகல் மூன்று மணி. பள்ளி விட்டு வந்த இரட்டைப் பெண்கள், டாவும் டுவனும், வாசற்படியில் உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தார்கள். சவேங் சட்டியில் பழத் துண்டுகளை வழித்துப் போட்டாள். ஜன்னலில் அவனைக் கண்டதும் கரண்டியை ஆட்டினாள்.

"தம்பி! அவளுக்கு இப்ப எப்படி இருக்கு? கஞ்சி வச்சிருக்கேன், பொரிச்சு முடிச்சதும் எடுத்துட்டு வரேன்!"

"சரிக்கா" என்றான்.

இடது கூம்பை ஜன்னலுக்கு உருட்டினான். வலது கூம்பையும். சக்கரங்கள் சிமெண்டில் நறநறத்தன. பதினைந்தும் பதினைந்துமாக முப்பது கறுத்த வாய்கள் சந்துக்கு எதிரே வரிசை கட்டின.

"அட, இன்னிக்கு எங்களுக்குப் பாட்டா?" சவேங் சிரித்தாள். "காதல் பாட்டா போடு தம்பி!"

பெண்கள் இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தவின் சுவிட்சைப் போட்டான்.

முதலில் வெயில்தான் மாறியதுபோல் இருந்தது. அவனைக் கடந்து ஏதோ போயிற்று. தோளில் உரசியது. இன்னொன்று. முழங்கை. ஈரத் துணி. அவசரமில்லாமல், மரியாதையாக, இடைவேளை முடிந்து இடம் தேடிப் போகிறவர்களைப்போல. நீண்ட நேரம். இத்தனை பேரா. இன்னும். இன்னும்.

பின்னால் லம்யாய் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு அறை முழுதும் ஒலித்தது. தேக்குப் பலகையில் பட்டுத் திரும்பி வந்தது.

எதிரே எண்ணெய் கொதித்தது. சத்தமில்லை.

சவேங் சட்டியைக் குனிந்து பார்த்தாள். கரண்டியால் விளிம்பைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஏதோ சொன்னாள், வாய் மட்டும் அசைந்தது. டாவ் கழுத்துக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். டுவன் யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கினாள், இன்னும் ஒதுங்கினாள், சுவரோடு ஒட்டினாள். அங்கிருந்து ஒதுங்க இடமில்லை. அவள் கன்னம் சுவரில் அழுந்தித் தட்டையானது.

சவேங் நிமிர்ந்தாள். கூம்புகளைப் பார்த்தாள். அவற்றின் இடையே நின்ற அவனைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

நெரிசலைக் கிழித்து வருபவளைப்போல, தோளை முன்னால் தள்ளி, சந்தின் குறுக்கே ஓடி வந்தாள். இரண்டு கைகளாலும் அவன் வீட்டு இரும்புக் கேட்டை அடித்தாள். கேட் அதிர்ந்தது. துரு உதிர்ந்தது. அவள் கழுத்து நரம்புகள் புடைத்தன. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் தரையில் கிடந்தாள், எழ முயன்று முயன்று, முதுகில் யாரோ மிதித்துப் போவதுபோல் மறுபடி மறுபடி விழுந்துகொண்டிருந்தாள்.

ஓர் ஓசையும் இல்லை.

"பாட்டு ஒண்ணும் போடலியா?" லம்யாய் கட்டிலிலிருந்து கேட்டாள். பல நாள்களுக்குப் பிறகு அவள் குரல் முழுதாகக் கேட்டது. "குழந்தை உதைக்குதுங்க. வந்து பாருங்க."

"இதோ வரேன்" என்றான்.

வழிமுறை இவ்வளவுதான். சுருளுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். பாட்டு வேண்டாம். கூம்பின் வாயை ஆள் வசிக்கும் வீட்டுக்கு நேராகத் திருப்ப வேண்டும். அந்த வீட்டின் சத்தம் முழுதாக அடங்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அணைத்துவிட்டால் போனவர்கள் போன இடத்திலேயே தங்கிவிடுவார்கள்.

தவின் அணைத்தான்.